மரக்கால் யார் கையில்?

ஒன்றை 320 கூறாக்கி, ஒரு கூற்றுக்கு முந்திரி எனப் பெயரிட்டனர் நம் முன்னோர். 80-இல் ஒன்று காணி. 20-இல் ஒன்று மா. பெருமைதான்! ஆனால், பெருமையோடு நிறுத்த மனமில்லை எனக்கு.

திண்ணைப் பள்ளியிலே எண்சுவடி ஒப்பித்தவர் யார் வீட்டுப் பிள்ளைகள்? வைகைப் பாசனத்திலே நாற்று நட்ட சேரித் தாயின் மகனுக்குத் திண்ணை ஏற இடமிருந்ததா? மகளுக்கு?

களத்திலே நெல்லைக் குவித்தவன் அவன். மரக்கால் பிடித்தவன் வேறொருவன். ஏட்டிலே எழுதிய கர்ணமோ, தந்தை வழியே பதவி பெற்றவர். கூலி குறைந்ததோ என்று ஐயுற்றாலும், அரைக்காணிக்கும் முக்காணிக்கும் வேறுபாடு அறியவிடப்படாதவன் எதைச் சொல்லிக் கேட்பான்?

பரம்பரைக் கர்ணம் பதவி 1980-இல் ஒழிக்கப்பட்டது. இன்று அந்தக் கணக்கை எழுதும் கிராம நிர்வாக அலுவலர், அரசுத் தேர்வெழுதி வருகிறார். சேரியிலே பிறந்த பெண்களும் அவர்களிலே உண்டு.