புலால் மறுத்தோர் அறிந்திருக்க வேண்டிய சொற்கள்

(திருக்கோயில் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விரதநாளில் திருக்கோயிலுக்கு வரும் அடியவர் ஒருவர், 'இன்று சைவம்' என்று சொல்கிறார். சைவம் என்பது சிவபெருமானை முழுமுதலாகக் கொண்ட சமயத்தின் பெயர். அச்சமயத்தார் பலர் ஊன் தவிர்த்து வாழ்ந்தமையால், சமயத்தின் பெயரே உணவின் பெயரும் ஆயிற்று. திருமாலடியாரும் சமணரும்கூட இன்று தமிழில் 'சைவச் சாப்பாடு' என்றே கேட்டு வாங்குகின்றனர். ஈழத்துத் தமிழர் இதனை 'மரக்கறி' என்பர். 'கறி' என்னும் சொல் பழைய இலக்கியங்களில் மிளகைக் குறித்தது. பின்னர் மிளகிட்டுச் சமைத்தவற்றைக் குறித்து, இன்று சில இல்லங்களில் காயையும் சில இல்லங்களில் ஊனையும் குறிக்கிறது. ஆகவே, புதிய ஊரில் 'கறி வேண்டும்' என்று மட்டும் கேட்பது பாதுகாப்பன்று.

திருவள்ளுவர் இவ்வறத்துக்குத் தந்த பெயர் புலால் மறுத்தல். திருக்குறளின் 26ஆம் அதிகாரம் அது. அதற்கு முந்தைய அதிகாரம் அருளுடைமை என்பது கருதத்தக்கது. அருள் முதலிலும் உணவு அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. வாங்கி உண்பார் இல்லையேல், கொன்று விற்பாரும் இரார் என்று வள்ளுவர் காட்டும் காரணம், இன்றைய கடைத்தெருவுக்கும் பொருந்துவதே. திருமூலரும் திருமந்திரத்தில் இப்பொருளுக்குத் தனிப்பகுதி வகுத்துள்ளார்.

எனினும், காளத்தியப்பருக்கு ஊனமுது படைத்த கண்ணப்பரை நாயன்மார் வரிசையில் வைத்துப் போற்றுவதும் இதே சைவமே. உணவைக் கொண்டு பிறர் பக்தியை அளப்பார், கண்ணப்பரை எங்கே வைப்பார்? வடலூரில் 1867ஆம் ஆண்டு சத்திய தருமச்சாலையை நிறுவிய வள்ளலார் கொலையையும் புலாலையும் கடுமையாக விலக்கியவர். ஆயினும், புலால் உண்பவர் பசித்து வந்தாலும் அவர்தம் பசியை ஆற்றவேண்டும் என்றார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாதிருக்கிறது.

இனி, கடைப்பொருள்களின் உறைமேல் காணும் சொற்கள்.

சதுரத்துள் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவப் பொருள். இம்முறை நம் நாட்டில் 2001, 2002ஆம் ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்தது. அசைவத்துக்கு முன்பு பழுப்புப் புள்ளி இருந்தது. 2020ஆம் ஆண்டின் விதிகளின்படி அது பழுப்பு முக்கோணமாயிற்று. நிறம் பிரித்தறிய இயலாதோரும் வடிவத்தால் அறியலாம் என்பது இதன் நன்மை. சட்டத்தின் கண்ணில் பாலும் தேனும் சைவம், முட்டை அசைவம். பிறந்தநாள் கேக்கை வாங்குமுன் இதனை நினைவிற்கொள்க.

ஜெலட்டின் என்பது விலங்குகளின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது. மிட்டாய்கள் சிலவற்றிலும், மெத்தென்ற வெளிநாட்டு இனிப்புகளிலும் இது சேர்கிறது. இதற்கு மாற்று, மன்னார் வளைகுடாக் கரையில் இராமேசுவரம் பகுதி மகளிர் கடலில் மூழ்கி எடுக்கும் பாசிவகையிலிருந்து கிடைக்கும் அகர். தென்மாவட்ட இசுலாமியர் இல்லங்களில் நோன்புக்காலத்தில் 'கடற்பாசி' என்று செய்யும் இனிப்பு இதனாலானதே.

ரென்னெட் என்பது பாலைத் திரைத்துப் பாலாடைக்கட்டி செய்ய உதவும் பொருள். பழைய முறையில் இது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்டது. இன்று நுண்ணுயிர்களைக் கொண்டு செய்வதே மிகுதி. பனீருக்கோ எலுமிச்சைச் சாறு முதலிய புளிப்பே போதும். கார்மைன் என்பது கள்ளிச்செடியில் வாழும் சிறுபூச்சியை உலர்த்தி எடுக்கும் சிவப்பு நிறம். உறையில் 120 என்னும் எண்ணாகவும் இருக்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் இப்பூச்சிக்காகவே சென்னைச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் வளர்த்தார் என்பது பலர் அறியாத செய்தி. இனிப்பின்மேல் ஒட்டும் வெள்ளித்தாள், மாட்டின் குடல்தோலிடையே வைத்துத் தட்டப்பட்டு வந்தது. விலங்குப்பொருள் எதுவும் அதன் தயாரிப்பில் கூடாதென 2016இல் விதி வந்தது. நிவேதனத்துக்கு இனிப்பு வாங்குவோர் தாளில்லாததை வாங்குவது இன்னும் எளிது.

இவற்றினும் கவனிக்க வேண்டியது மருந்து. பச்சைப்புள்ளி விதி உணவுக்கு உரியது. அதை மட்டும் நம்பி மருந்தைத் தீர்மானிக்க இயலாது. மாத்திரைக்குழல்களின் உறை பெரும்பாலும் ஜெலட்டினே. இதனை அறிந்த முதியோர் சிலர், மாலையணிந்த நாள்களிலும் சஷ்டி விரதத்திலும் இதயநோய் மருந்தையே நிறுத்திவிடுகின்றனர். இது தவறு, உயிருக்கே தீங்காகலாம். தாவர நார்ப்பொருளாலான உறைகளும் உண்டு. உறையில்லாத வில்லைகளாகக் கிடைக்கும் மருந்துகளும் உண்டு. மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். மாற்று இல்லையெனில், அவர் தந்ததை அப்படியே உட்கொள்வதே முறை. உடலை ஓம்புவதற்கு எதிராக எந்த விரதமும் விதிக்கப்படவில்லை.

நனிசைவம் என்பது அண்மைக்காலச் சொல். ஆங்கிலத்தில் 'வீகன்' என்பர். இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் முதலியோர் 1944இல் உருவாக்கியது. பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் தவிர்ப்பது இந்நெறி. பழனிப் பஞ்சாமிர்தம் சைவமாயினும், தேனும் நெய்யும் சேர்வதால் நனிசைவம் ஆகாது. அத்தகைய அன்பர் ஒருவர் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிப் பிறருக்கு அளித்தால், அதனை அவமதிப்பாகக் கொள்ளலாகாது.

இந்நெறியாளர் உடையிலும் கருத்துடையர். ஒரு பட்டுப்புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். வழக்கமான முறையில் கூட்டினுள் இருக்கும் புழு வெப்பத்தால் மடியும். அந்து கூட்டைவிட்டு வெளியேறியபின் நூற்பது அகிம்சைப் பட்டு. பட்டு உடுத்தி வருவோரைப் பழிப்பதற்காக இது சொல்லப்படவில்லை. சுவாமி புறப்பாட்டில் முழங்கும் தவிலும் தோலினாலானதே.

இறுதியாகப் பி12. குருதிக்கும் நரம்புக்கும் இன்றியமையாத இவ்வுயிர்ச்சத்து, காய்கனி தானியங்களில் இயல்பாக இல்லை. பால், தயிரில் ஓரளவு உண்டு. சுருள்பாசியில் உண்டென்று விற்போர் சொல்வதை நம்புதல் வேண்டா. அதிலுள்ளது பெரும்பாலும் உடலுக்குப் பயன்படாத வடிவம். நெடுநாள் குறைந்தால் சோர்வும், கைகால் மரத்துப்போதலும், மறதியும் தோன்றும். முதுமையென்று எண்ணி விட்டுவிடுவோர் பலர். எளிய குருதிச் சோதனையில் அறியலாம். நனிசைவர் இச்சத்தை மருத்துவர் அறிவுரைப்படி மாத்திரையாகவோ, செறிவூட்டிய உணவாகவோ கொள்ளவேண்டும். நுண்ணுயிர்களைக் கொண்டே அது செய்யப்படுவதால் அவர்தம் நெறிக்கும் இழுக்கில்லை. குழலின் உறையை மட்டும் ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும்.