கடலுக்குள் கேட்கும் டிஜிட்டல் வானொலி



பணிக்காலம் முழுவதையும் ஒலிபரப்பிக் கூடங்களில் கழித்த பொறியாளன் நான். ஸ்டுடியோவில் அறிவிப்பாளர் பேசுவார், வித்வான்கள் பாடுவார்கள். அந்தக் குரலை உங்கள் வீடுவரை கொண்டுவந்து சேர்ப்பது, ஊருக்கு வெளியே திறந்த வெளியில், உயர்ந்த இரும்புக் கோபுரத்தின் அடியில் இரவும் பகலும் முறைவைத்து விழித்திருக்கிற எங்களைப் போன்றவர்களின் வேலை. இன்று ஆகாசவாணியின் டிஜிட்டல் ஒலிபரப்பைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். மகிழ்ச்சியோடு வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு தெளிவு. டிஜிட்டல் வானொலி என்றதும், செல்போனில் செயலி வழியாகக் கேட்பதுதானே என்று பலரும் கேட்கிறார்கள். அதுவும் நல்ல வசதிதான். ஆகாசவாணிக்கே அப்படி ஒரு செயலி இருக்கிறது. ஆனால் அது இணையத்தின் வழியே வருவது. டேட்டா தீர்ந்தாலும், செல்போன் டவர் சாய்ந்தாலும் நின்றுவிடும். நான் சொல்ல வந்தது, வழக்கமான வானொலி போலவே கோபுரத்திலிருந்து நேராக உங்கள் பெட்டிக்கு வரும் டிஜிட்டல் ஒலிபரப்பு. இதற்கு இணையம் வேண்டாம், மாதக் கட்டணமும் வேண்டாம்.

இதற்கு நம் நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனம் தேர்ந்தெடுத்த முறையின் பெயர் டிஜிட்டல் ரேடியோ மாண்டியல், சுருக்கமாக டிஆர்எம். இந்த முறையில் அமைந்த முதல் ஒலிபரப்புகள் 2003ஆம் ஆண்டு ஜூன் 16 அன்று ஜெனீவாவில் நடந்த உலக வானொலி மாநாட்டின்போது முறைப்படி தொடங்கின. நம் சென்னை வானொலி நிலையம் தொடங்கப்பட்டதும் ஒரு ஜூன் 16தான், 1938இல். இடையில் 65 ஆண்டுகள்.

இந்தியாவில் 2007இல் சோதனைகள் நடந்தன. 2009 ஜனவரியில் டில்லியை அடுத்த காம்பூரிலிருந்து 250 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி டிஜிட்டலில் பேசத் தொடங்கியது. அதன்பின் மத்திய அலையில் 30-க்கும் மேற்பட்ட டிஆர்எம் ஒலிபரப்பிகளை ஆகாசவாணி நாடெங்கும் நிறுவியது. சென்னையின் 720 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோவாட் ஒலிபரப்பியும், திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸ், 100 கிலோவாட் ஒலிபரப்பியும் அவற்றில் சேர்ந்தவை.

இப்போது என் மனத்துக்கு மிக நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். அது மத்திய அலை. இன்று பலருக்கு வானொலி என்றாலே பண்பலைதான். பண்பலையின் ஒலி துல்லியமானது, மறுக்கவில்லை. ஆனால் அந்த அலை நேர்கோட்டில் போகும் அலை. பூமியின் வளைவு குறுக்கிட்டதும் ஓய்ந்துவிடும். நல்ல உயரமான கோபுரமாக இருந்தாலும் 60, 70 கிலோமீட்டருக்கு அப்பால் அதை நம்ப முடியாது.

மத்திய அலை அப்படியல்ல. 720 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளமே ஏறத்தாழ 417 மீட்டர். அத்தனை நீண்ட அலை மண்ணைத் தழுவிக்கொண்டே போகும், பூமி வளைந்தால் தானும் வளைந்து போகும். அதனால்தான் மத்திய அலைக் கோபுரத்தைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் மண்ணுக்கடியில் செப்புக் கம்பிகளைப் புதைத்திருப்போம். எங்களுக்கு நிலமும் ஆன்டெனாவின் ஒரு பாதி. கோடையில் மண் காய்ந்து கிடக்கும்போது ஒலிபரப்பியின் மீட்டர் காட்டும் அளவுக்கும், ஐப்பசி மழையில் மண் ஊறியபின் அது காட்டும் அளவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்துப் பார்த்து, மழை எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று கூடத்தில் உட்கார்ந்தபடியே பேசிக்கொள்வோம்.

காய்ந்த மண்ணைவிட ஈர மண்ணில் இந்த அலை நன்றாக ஓடும். ஈர மண்ணுக்கே இந்தச் சிறப்பென்றால் கடல் நீருக்கு எவ்வளவு இருக்கும்! உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். வறண்ட பாறை நிலத்தில் சீக்கிரமே மெலிந்துவிடுகிற மத்திய அலை, கடல் பரப்பின்மேல் சில நூறு கிலோமீட்டர் வரை வலுவோடு ஓடும். தூத்துக்குடியின் மத்திய அலை ஒலிபரப்பு மன்னார் வளைகுடாவைத் தாண்டி இலங்கை வீடுகளில் கேட்டதும், இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பில் நம் தென்மாவட்டங்கள் ஒரு தலைமுறைக்காலம் மயங்கிக் கிடந்ததும் இந்தக் கடல்வழியால்தான். அந்தத் தலைமுறை நேயர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் இப்போது தலையசைப்பீர்கள் என்று தெரியும்.

ஒருமுறை கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து மீனவர் ஒருவர் ஒலிபரப்பிக் கூடத்துக்கு வந்திருந்தார். கோபுரத்தைப் பார்க்க வேண்டும் என்பதே அவர் வந்த நோக்கம். "வீட்ல வெச்சா கரகரங்குதுங்கய்யா. போட்ல போறப்ப கணீர்னு கேக்குது. இது எப்படி?" என்றார். வீட்டில் டியூப்லைட், எல்இடி விளக்கு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றும் மத்திய அலைக்குள் இரைச்சலைக் கொட்டுகிறது. கடலில் அவை எதுவும் இல்லை. இதைப் பொறுமையாக விளக்கினேன். அவர் அடுத்து கேட்டது: "அப்ப அந்தக் கரகரப்ப உங்களால நிறுத்த முடியாதா?" நேயர்களே, டிஜிட்டல் முறை எதற்கு என்று யாராவது கேட்டால் இந்த மீனவரின் கேள்வியைத்தான் இன்றும் சொல்கிறேன்.

பழைய முறையில் குரலின் ஏற்ற இறக்கம் அப்படியே அலையின் ஏற்ற இறக்கமாகப் போகும். வழியில் கலந்த இரைச்சலும் குரலோடு சேர்ந்து உங்கள் காதுக்கு வந்துவிடும். டிஆர்எம் முறையில் குரல் எண்களாகிறது. அந்த எண்கள் ஒரே அலையில் போவதில்லை. அடுத்தடுத்து நிற்கும் ஏறத்தாழ 200 மெல்லிய அலைகளில் பிரிந்து போகின்றன. களத்து நெல் முழுவதையும் ஒரே வண்டியில் ஏற்றாமல் ஊரே திரண்டு ஆளுக்கொரு மூட்டையாகச் சுமப்பது போல. நாலு பேர் வரப்பில் சறுக்கினாலும் விளைச்சல் வீடு வந்து சேரும். இதோடு, விழுந்ததைக் கணக்குப் போட்டு ஈடுசெய்யும் தகவலும் கூடவே வருகிறது. ஆகவே பெட்டி இரைச்சலைக் கழித்துவிட்டுக் குரலை மட்டும் தருகிறது.

இதை நாங்கள் காரில் போய்ச் சோதித்ததை மறக்க முடியாது. ஒரே நிகழ்ச்சியைப் பழைய முறையிலும் டிஜிட்டலிலும் மாற்றி மாற்றிக் கேட்டபடி நெடுஞ்சாலையில் போனோம். உயரழுத்த மின்கம்பிகளுக்கு அடியில் போகும்போது பழைய முறை சடசடவென்று பொரிந்தது. டிஜிட்டலுக்கு மாற்றினால் நாகஸ்வரம் சிறு பிசிறும் இல்லாமல் வந்தது. தவில் தொடங்கியதும் வண்டியில் இருந்த யாரும் பேசவில்லை. மத்திய அலையில் தவிலின் நடை அவ்வளவு தெளிவாகக் கேட்டு அதற்குமுன் நாங்கள் அறிந்ததில்லை. ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: டிஜிட்டலுக்கு ஓர் எல்லை உண்டு. பழைய முறை தேய்ந்து தேய்ந்து மறையும். டிஜிட்டல் எல்லையைத் தாண்டியதும் சட்டென்று நின்றுவிடும். ஆகவே எந்த ஊர்வரை உறுதியாகக் கேட்கும் என்று அளந்து அறிந்து ஒலிபரப்புவது எங்கள் பொறுப்பு.

டிஜிட்டலில் ஒரே அலைவரிசையில் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளை அனுப்பலாம், கூடவே எழுத்துச் செய்தியும் அனுப்பலாம், மின்செலவும் வெகுவாகக் குறையும். பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் கைவிடப்படாமல் இருக்க, ஒரே கோபுரத்திலிருந்து பழைய முறையையும் டிஜிட்டலையும் அருகருகே அனுப்பவும் வழி இருக்கிறது. இவற்றையெல்லாம் விரித்துச் சொல்ல நேரம் இல்லை. ஒன்றை மட்டும் நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன்: அபாய அறிவிப்பு.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, குமரி மாவட்டத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆழ்கடலுக்குப் போன மீனவர்கள் பலர் செல்போன் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். திரும்பாதவர்களின் வீடுகள் இன்றும் அந்தக் கடற்கரையில் இருக்கின்றன. மறு ஆண்டு நவம்பரில் கஜா புயல் நாகை, வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மின்கம்பங்கள் சாய்ந்து கிராமங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. டிஆர்எம் முறையில் அபாய எச்சரிக்கைக்கென்றே ஓர் ஏற்பாடு உள்ளது. நிலையம் அந்தச் சமிக்ஞையை அனுப்பினால், அந்த வசதி கொண்ட பெட்டி தானாகவே எச்சரிக்கை ஒலிபரப்புக்கு மாறிக்கொள்ளும். விவரம் திரையில் எழுத்தாகவும், ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளிலும் வரும். காது கேளாதவரும் படித்துக்கொள்ளலாம். பேட்டரியில் ஓடும் ஒரு பெட்டி படகில் இருந்தால், கரையிலிருந்து வரும் எச்சரிக்கை கடலின் மேலேயே ஓடிவந்து சேரும். உயிர் காக்கும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான அலை எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் தடை என்ன என்று கேட்பீர்கள். பெட்டிதான். 2017ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து இந்தியாவில் விற்கும் புதிய கார்கள் பலவற்றில் டிஆர்எம் வானொலி உள்ளேயே பொருத்தி வருகிறது. ஆனால் தனியாகக் கடையில் வாங்கும் பெட்டி அரிது, விலையும் அதிகம். கார் வைத்திருப்பவருக்குக் கிடைத்துவிட்டது, கட்டுமரக்காரருக்குக் கிடைக்கவில்லை. பொது ஒலிபரப்பு என்பது எல்லோருக்குமானது. ஆகவே இந்த நிலை மாறியாக வேண்டும்.

நார்வே நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்ஆர்கே வேறொரு டிஜிட்டல் முறையைத் தேர்ந்தெடுத்து, 2017இல் தேசியப் பண்பலை ஒலிபரப்பையே நிறுத்தியது. அந்த முறைக்கு மலைதோறும் கோபுரங்கள் வேண்டியிருந்தன. நம் நாட்டின் பரப்பும் மக்கள் தொகையும் வேறு. ஒரே கோபுரத்தில் பல மாவட்டங்களைத் தொடும் மத்திய அலையை வைத்துக்கொண்டு டிஜிட்டலுக்குப் போவதே நமக்குச் சிக்கனமான வழி. அதைப் பழையது என்று சொல்லி மூடிவிடக் கூடாது.

நம் ஊர் வரலாறே இதற்கு நம்பிக்கை தருகிறது. நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில் தொடங்கியது. அதைக் கேட்கும் பெட்டி அப்போது எத்தனை வீட்டில் இருந்திருக்கும்? 1990களில்தான் அது பரவலாக வந்தது. பெட்டி மலிவானதும் பேருந்து, டீக்கடை, சலூன் என்று எங்கும் பண்பலையாகிவிட்டது. அதற்கு முன்பே, 1960களில், வானொலி வேளாண் நிகழ்ச்சியைக் கேட்டுத் தஞ்சை விவசாயிகள் ஏடிடி 27 ரகத்தைப் பயிரிட்டு அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்தார்கள். பயன் உண்டு என்று தெரிந்தால் நம் மக்கள் எந்தப் புதுமையையும் விடமாட்டார்கள்.

எனக்குத் தந்த நேரம் முடியப்போகிறது. நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். அண்மையில் கார் வாங்கியவர்கள், வண்டியை நிறுத்திவிட்டு, வானொலியில் மத்திய அலைப் பட்டையைத் திறந்து டிஆர்எம் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்டால், எந்த ஊரில் எப்படிக் கேட்டது என்று நிலையத்துக்கு எழுதுங்கள். கேட்காவிட்டாலும் எழுதுங்கள். நேயர் கடிதம் எங்களுக்கு மீட்டரைவிடப் பெரிய அளவுகோல். அரசுக்கும் பெட்டி தயாரிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: விவசாயியும் மீனவரும் ஒருநாள் கூலியில் வாங்கக்கூடிய டிஜிட்டல் பெட்டியைக் கொண்டுவாருங்கள், முதலில் கடலோரக் கிராமங்களுக்குக் கொடுங்கள். பண்பலைக்குக் காத்திருந்தது போல இதற்கும் காத்திருக்கும்படி புயல் நம்மை விட்டுவைக்காது.