பூஜ்யம் எங்கே இருக்கிறது?

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



கிராம அபிவிருத்தியைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் பட்டறை யந்திரத்தின் கணக்கைப் பேசுவது ஏன் என்று தாங்கள் நினைக்கலாம். காரணம் உண்டு. தங்கள் கிணற்று மேட்டில் ஓடும் பம்பின் தண்டையும் மூடியையும் கோயம்புத்தூர் வட்டாரத்துச் சிறு பட்டறைகளிலும் இன்று கணினியால் இயங்கும் சி.என்.சி. யந்திரங்களே கடைந்தும் துளையிட்டும் தருகின்றன. அவற்றை ஓட்டுவோரில் பலர், தொழிற்பயிற்சி நிலையத்தில் டர்னர், மெஷினிஸ்ட் தொழில் பயின்று சென்ற நம் கிராமத்துப் பிள்ளைகளே. பேரிங்கின் உள்விட்டம் 20 மில்லிமீட்டர் என்றால், தண்டின் விட்டம் அதைவிட 0.1 மில்லிமீட்டர் கூடினால் பேரிங் ஏறாது. அவ்வளவு குறைந்தால் பேரிங்கின் உள்வளையம் தண்டின்மேல் வழுக்கிச் சுழலும், பம்பு கத்தத் தொடங்கும். தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நாளில் நஷ்டம் யாருக்கு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்களைக் கொண்டு யந்திரத்தை ஓட்டும் முறை அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1952இல் செய்து காட்டப்பெற்றது. அன்று துளையிட்ட காகித நாடா செய்த வேலையை இன்று கட்டுப்பாட்டு மென்பொருள் செய்கிறது. "50 மில்லிமீட்டருக்குச் செல்" என்றால் யந்திரம் செல்லும். எங்கிருந்து 50 என்பதுதான் கேள்வி. பட்டறைகளில் நேரும் தவறுகளில் பல இந்தக் கேள்வியிலேதான் பிறக்கின்றன.

நிலம் அளப்பதைத் தாங்கள் அறிவீர்கள். மூன்று கிராமங்கள் கூடுமிடத்தில் நடப்பட்ட முச்சந்திக் கல் அசையக்கூடாதது. ஆனால் வயலில் பாத்தி கட்டும்போது அந்தக் கல்லிலிருந்தா அளக்கிறோம்? கிணற்று மூலையிலிருந்தோ வரப்பிலிருந்தோ அளக்கிறோம். யந்திரத்திலும் அப்படியே. மின்சாரம் கொடுத்ததும் ஒவ்வொரு அச்சையும் அதற்குரிய சுவிட்ச் வரை ஓட்டி 'ஹோம்' செய்கிறார்கள். அது முச்சந்திக் கல். மேசையில் பிடித்து வைத்த பொருளின் மூலை இன்னொரு பூஜ்யம். கல்லுக்கும் மூலைக்கும் உள்ள தூரமே ஆஃப்செட். அதனை ஜி 54 என்ற பெயரில் பதிந்து வைப்பார்கள்.

இத்துடன் முடிந்தால் தொல்லை இல்லை. லினக்ஸ் சி.என்.சி. என்றொரு மென்பொருள் உண்டு. அமெரிக்க அரசின் தர அளவை நிறுவனத்தில் உருவான மென்பொருளின் வழியில் வளர்ந்தது. விலை கொடுக்காமல் யாரும் பயன்படுத்தலாம். அதில் ஜி 54 போன்ற இடப் பதிவுகள் ஒன்பது. அவற்றுக்கு மேல் ஜி 92 என்ற தற்காலிக ஆஃப்செட் ஒன்று. அதற்கும் மேல் டூலின் நீளம். இவை யாவும் கூட்டப்பட்ட பிறகே அச்சு நகர்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாகப் போர்த்திய துணிகளில் அடித்துணி தெரியாததுபோல, ஒரு கணக்கு மற்றொன்றை மறைத்துவிடுகிறது.

ஓர் உதாரணம் கூறுகிறேன். பம்பு மூடிக்கு நான்கு துளை இட வேண்டும். நேற்று சரியாக விழுந்த துளைகள் இன்று காலை நான்குமே 12.5 மில்லிமீட்டர் வலப்புறம் விழுகின்றன. யந்திரம் ஓட்டும் பிள்ளை ஜி 54இன் எண்ணில் 12.5ஐக் கழித்துவிடுகிறான்; வேலை சரியாகிறது; முதலாளியும் மெச்சுகிறார். ஆனால் நேற்று மாலை வேறொரு வேலைக்காகக் கையால் இட்ட ஜி 92 நீக்கப்படாமல் இருந்ததே உண்மைக் காரணம். தற்காலிகம் என்று பெயரே தவிர, வேறு ஏற்பாடு செய்யாவிடில் அந்த மென்பொருள் அதனைக் கோப்பில் எழுதி வைத்து மறுநாளும் நினைவில் கொள்ளும்! சில வாரம் கழித்து வேறொருவர் ஜி 92.1 என்று கட்டளையிட்டு அதனை நீக்குகிறார். உடனே துளைகள் 12.5 மில்லிமீட்டர் இடப்புறம் போகின்றன. பழைய நோய்க்குப் போட்ட பட்டியே புதிய நோயாகிவிட்டது. வார்ப்புகள் பழைய இரும்பு விலைக்குப் போகின்றன.

ஆகையால் எண்ணில் கை வைப்பதற்கு முன் பிழையின் குணத்தைப் பார்க்க வேண்டும். எல்லாத் துளைகளும் ஒரே அளவு, ஒரே திசையில் விலகினால் ஆஃப்செட்டை ஐயுறலாம். திரையில் 5211 என்ற எண்ணில் ஜி 92இன் எக்ஸ் அளவும், 5221இல் ஜி 54இன் எக்ஸ் அளவும் காணலாம். அவை பதிவேட்டில் உள்ளபடியே இருந்தும் விலகல் நீடித்தால், ஹோம் சுவிட்சில் இரும்புச் சீவல் அடைந்திருக்கிறதா என்று பாருங்கள். டயல் கேஜ் வைத்து மூன்று முறை ஹோம் செய்தால் முள் ஒரே இடத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் முச்சந்திக் கல்லே அசைகிறது என்று பொருள்.

பிழை ஒரே அளவாக இல்லாமல் ஒவ்வொரு சுற்றிலும் வளர்ந்துகொண்டே போனால் அது ஆஃப்செட் அன்று. கப்ளிங் தளர்ந்திருக்கலாம், ஸ்டெப்பர் மோட்டார் படி தவறியிருக்கலாம். திரும்பிச் செய்தி சொல்லும் சாதனம் இல்லாத ஸ்டெப்பர் படி தவறினாலும் திரை சரியான எண்ணையே காட்டும். திரையை நம்பி மோசம் போவது இங்கேதான். வலமிருந்து வந்தால் ஓர் அளவும் இடமிருந்து வந்தால் வேறோர் அளவும் காட்டினால் ஸ்க்ரூவில் தேய்மானம். தூரம் கூடக் கூடப் பிழையும் அதே விகிதத்தில் கூடினால் மில்லிமீட்டருக்கு எத்தனை படி என்ற கணக்கு தவறு. இவற்றை ஆஃப்செட்டைத் திருத்திச் சரிசெய்ய முனைவது, வாய்க்கால் உடைந்திருக்க மடையை உயர்த்துவது போன்றதாகும்.

உயிருக்கு அபாயமான ஒன்றையும் கூறிவிடுகிறேன். டூலை மாற்றிய பின் அதன் நீள ஆஃப்செட்டை ஜி 43 கட்டளையால் புதுப்பிக்காவிடில், நீளமான டூல் மேசைக்குள் வேகமாக இறங்கி உடைந்து தெறிக்கும். எனவே எந்த மாறுதலுக்குப் பிறகும் டூலைப் பொருளுக்கு வெகு உயரத்தில் வைத்து, வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு வரியாக வெறுங்காற்றில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கை அவசர நிறுத்தப் பொத்தானின் மேலேயே இருக்கட்டும். ஓடும்போது உள்ளே கை நீட்டித் தடவிப் பார்க்கும் வழக்கத்தைத் தங்கள் பிள்ளைகளிடம் கண்டால் கடிந்துகொள்ளத் தயங்காதீர்கள்.

ஊரில் பட்டறை வைக்க முற்படும் இளைஞர்கள் ஆலோசனைக்குத் தங்களிடம் வந்தால், யந்திரத்தின் விலையோடு ஒரு பதிவேட்டையும் பற்றிக் கேளுங்கள். பஞ்சாயத்துத் தீர்மானப் புத்தகத்தில் அடித்துத் திருத்தினால் கையொப்பம் கேட்கிறோமல்லவா? அதுபோல யந்திரத்தின் பக்கத்தில் நோட்டு ஒன்று தொங்க வேண்டும்: தேதி, எந்த ஆஃப்செட், பழைய எண், புதிய எண், மாற்றியவர் பெயர், காரணம். அந்தக் கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் மாற்றத்தைத் திரும்பப் பெற்றுவிட்டு, பழைய எண்ணிலிருந்தே சோதனையைத் தொடங்கலாம்.