‘சீக்கிரம்’ என்பது தேதி அல்ல
(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் பின்பக்க மதிலை ஒட்டிய காலி நிலத்தில் மனைப்பிரிவு வரப்போகிறது. அங்கே போக, நம் வாசல் வழியாகச் செல்லும் நகராட்சிச் சாலை ஒன்றுதான் வழி. இப்போதே பள்ளி வேனும் தண்ணீர் லாரியும் எதிரெதிரே வந்தால், ஒன்று பின்னால் போயாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்குவதை நான் சொல்ல வேண்டியதில்லை. இனி ஜல்லி லாரிகளும் சேரும்.

நிலத்தின் உரிமையாளரிடம் பேசியபோது, "ரோடு போட்டுத் தர்றோம் சார், சீக்கிரமே" என்றார். நம்மில் சிலர் அதுவே போதும் என்கிறார்கள். சிலர், மனைப்பிரிவே கூடாது என்று மனு கொடுக்கலாம் என்கிறார்கள். இரண்டுமே நமக்கு உதவாது என்பது என் கருத்து.

சொந்த நிலத்தை விதிப்படி பிரிக்க அவருக்கு உரிமை உண்டு. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, உட்சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். நிலம் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாகவும் ஒப்படைக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டத்தை ரெராவில் பதிய வேண்டும். வேலை முடியும் தேதியை எழுதிக் கொடுக்க வேண்டும். மனை வாங்குவோர் தரும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும்.

நல்ல சட்டம்தான். ஆனால் அது முக்கியமாக மனை வாங்குபவரைக் காக்கிறது. மதிலுக்கு வெளியே உள்ள நம் சாலையைச் சீர்செய்யும் கடமை அதில் தானாக வந்துவிடாது. அதை நாம்தான் தனியே கேட்டு, எழுதி வாங்க வேண்டும்.

அவர் ஏன் இணங்குவார் என்று கேட்பீர்கள். மனை பார்க்க வருகிறவர் நம் சாலை வழியாகத்தான் வருவார். மனைக் கடன் கேட்டால், வங்கியின் வழக்கறிஞர் பத்திரத்தைப் பார்ப்பார். மதிப்பீட்டாளர் நேரில் வந்து அணுகுசாலையையும் பார்ப்பார். பள்ளமும் தேங்கிய தண்ணீரும் மனை விலையைக் குறைக்கும். ஆக, நல்ல சாலை அவருக்கும் லாபம்தான்.

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வாக்குறுதியிலும் மூன்றைத் தேடுவோம்: தேதி, தொகை, தவறினால் என்ன. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. எனவே நம் கடிதத்தில் ஐந்து விஷயங்கள் இருக்க வேண்டும்.

ஒன்று, அவர் கையில் உள்ளதற்கு மட்டும் அவரிடம் தேதி கேட்போம். சாலை நகராட்சியுடையது, அனுமதியின்றி அவர் அதைத் தொட முடியாது. தன் நிலத்தின் முன்பகுதியில் ஒரு பட்டையைச் சாலை அகலத்துக்கு எழுதித் தருவதும், சாலை வேலைக்கான பணத்தை நகராட்சியில் கட்டுவதும் அவர் கையில் இருக்கின்றன.

இரண்டு, இரட்டைத் தேதி. "ஒப்புதல் கிடைத்து 90 நாளில்" என்று மட்டும் எழுதினால், ஒப்புதல் தள்ளிப்போகும்வரை நம் கணக்கு தொடங்கவே தொடங்காது. "அல்லது இன்ன மாதம் இன்ன தேதி, இரண்டில் எது முந்துகிறதோ அது" என்று சேர்க்க வேண்டும்.

மூன்று, வேலையின் வரிசை. முதலில் மழைநீர் வடிகால். லாரிகள் ஓடும் காலத்தில் பள்ளங்களை அவ்வப்போது அவர் செலவில் நிரப்ப வேண்டும். கடைசித் தார் அடுக்கு, கனரக வண்டிகள் ஓய்ந்த பிறகு. முன்பே போட்டால் ஒரே மழையில் போய்விடும்.

நான்கு, சாலை மட்டம். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார். சாலை அரை அடி உயர்ந்தால், மழைத் தண்ணீர் நம் கார் நிறுத்துமிடத்துக்குள் வரும்.

ஐந்து, வங்கி உத்தரவாதம். பொறியாளர் மதிப்பிடும் தொகைக்கு, பதிவுபெற்ற நம் சங்கத்தின் பெயரில் கேட்போம். அதன் காலம், கடைசித் தேதிக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதமாவது நீள வேண்டும். காலாவதிக்கு முன் எழுத்தில் கோரினால்தான் வங்கி பணம் தரும். மறுநாள் போனால் தராது. அந்தத் தேதியைச் செயலாளர் நாட்காட்டியில் மட்டுமல்லாமல் அறிவிப்புப் பலகையிலும் எழுதிவையுங்கள்.

உத்தரவாதத்துக்கு அவர் மறுத்தால், நகராட்சியில் முன்பணம் கட்டிய ரசீதைக் காட்டட்டும். அதற்கும் மறுத்தால், அந்தச் ‘சீக்கிரம்’ எவ்வளவு தூரம் என்று நமக்குத் தெரிந்துவிடும். அப்போது நகராட்சி ஆணையருக்கும் திட்டக் குழுமத்துக்கும் மனு கொடுப்போம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கு கட்டினால், மீதியை அரசு தரும். அந்தப் பங்கை அவர் ஏற்க முன்வந்தால், அதையும் பரிசீலிக்கலாம்.

இந்த ஐந்தையும் தீர்மானமாக முன்மொழிகிறேன். நாளை அங்கே வீடு கட்டி வருகிறவர்களும் இதே சாலையில்தான் நடக்கப் போகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே கேட்கிறோம். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்.