நாகரிகத்தைக் கட்டிய கைகள்

(வெள்ளி விழாவையொட்டி மயிலாப்பூரில் நிகழ்ந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டைய நாகரிகங்களின் தோற்றம் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். வெள்ளி விழா மேடையில் ஐயாயிரம் ஆண்டுப் பழங்கதை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கு விடையாக நம் வகுப்பறையில் நிகழ்ந்த ஒன்றை முதலில் கூறிவிடுகின்றோம்.

நாம் தலைமையாசிரியராகப் பணியாற்றும் அரசுப் பள்ளியில், ஒரு நாள் வரலாற்று ஆசிரியர் விடுப்பில் இருந்தமையால், ஒன்பதாம் வகுப்புக்கு நாமே சென்று சிந்துவெளி நாகரிகத்தைக் கற்பித்தோம். மொகஞ்சதாரோவின் நேரான வீதிகளையும், வீடுதோறும் அமைந்த குளியலறைகளையும், செங்கல்லால் மூடப்பட்ட கழிவுநீர்க் கால்வாய்களையும் வியந்து விளக்கினோம். அப்பொழுது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, அந்தச் சாக்கடையை அப்போது யார் அள்ளினார்கள்?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவன் தந்தை கழிவுநீர்க் குழிகளில் இறங்கி அடைப்பெடுக்கும் தொழிலாளி.

நாம் என்ன செய்தோம்? "அது பாடத்தில் இல்லை, உட்கார்" என்று கூறிப் பாடத்தைத் தொடர்ந்தோம். முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் நாம் அளித்த விடைகளுள் அதனினும் தாழ்ந்த விடை வேறொன்றில்லை. அம்மாணவன் இன்று இச்சங்கத்தின் மாலை வகுப்பில் பயில்கின்றான், இவ்வவையிலும் அமர்ந்திருக்கின்றான். அன்று தரத் தவறிய விடையைப் பலர் முன்னிலையில் தருவது நம் கடமை. அதுவே இவ்வுரை.

நாகரிகம் எவ்வாறு தோன்றியது?

நாகரிகம் வானத்திலிருந்து இறங்கியதன்று. நம் நகரின் தென்மேற்கே உள்ள பல்லாவரத்தில் 1863 ஆம் ஆண்டு மே 30 ஆம் நாள், இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர் பழைய கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011 இல் வெளியான ஆய்வு நிறுவிற்று. ஆக, மனித இனம் இம்மண்ணில் உழைத்த காலம் மிக நெடியது. அந்நெடுங்காலத்தில் பெரும்பகுதி, வேட்டையாடியும் காய்கனி திரட்டியும் மக்கள் சிறு சிறு கூட்டங்களாக வாழ்ந்தனர். சேர்த்து வைக்கப் பொருளில்லாத இடத்தில் சேர்த்து வைத்தவன், இல்லாதவன் என்னும் பிரிவு வேரூன்ற வழியில்லை.

உழவு தோன்றியது. ஒரு குடும்பம் உண்டது போக மிச்சத் தானியம் கிடைத்தது. அந்த மிச்சமே நாகரிகத்தின் விதை. மிச்சம் இருந்ததனால்தான் குயவரும், கொல்லரும், நெசவாளரும் தத்தம் தொழிலிலேயே முழுநேரமும் ஈடுபட முடிந்தது. களஞ்சியம் எழுந்தது, களஞ்சியத்தைக் காக்க அதிகாரியும், கணக்கெழுத எழுத்தரும், ஆள மன்னரும், ஆசி கூறப் பூசாரியும் தோன்றினர். மெசொப்பொத்தேமியாவின் உருக் நகரில் கி.மு. 3200 வாக்கில் களிமண் பலகைகளில் எழுதப்பட்ட மிகப் பழைய எழுத்துகளுள் பெரும்பாலானவை பாட்டோ கதையோ அல்ல. வாற்கோதுமை எவ்வளவு, ஆடு எத்தனை, ஆளுக்கு என்ன படி என்னும் கணக்குகளே. விளைவித்தவன் ஒருவன், அளந்து எழுதியவன் மற்றொருவன் என்னும் நிலை அன்றே தொடங்கிவிட்டது.

எகிப்தை நோக்குவோம். கீசாவின் பிரமிடுகளை அடிமைகள் சவுக்கடிபட்டுக் கட்டினர் என்றே நெடுங்காலம் நம்பி வந்தோம். 1990 ஆம் ஆண்டு அப்பிரமிடுகளின் அருகிலேயே அவற்றைக் கட்டிய தொழிலாளரின் கல்லறைகள் வெளிப்பட்டன. முறிந்த எலும்பைப் பொருத்தி ஆற்றிய அடையாளங்கள் அவர்தம் எலும்புக்கூடுகளில் காணப்பட்டன. மருத்துவம் பெற்று, மன்னன் சமாதிக்கு அருகே அடக்கம் பெற்றோரை அடிமைகள் என்று எங்ஙனம் கூறுவது? அதே எகிப்தில், மூன்றாம் இராமேசசு மன்னனது ஆட்சியின் 29 ஆம் ஆண்டில், ஏறத்தாழ கி.மு. 1157 இல், அரச கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர் தமக்குரிய தானியப் படி வாராமையால் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு, கோயில்களின் அருகே சென்று அமர்ந்தனர். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என அறிஞர் கூறுவது இதனையே. அதனைக் குறித்து வைத்த பாப்பிரசு ஏடு இன்றும் இத்தாலியின் துரின் நகரில் உள்ளது. உழைப்பவன் கேள்வி கேட்பது புதிய வழக்கமன்று என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்வார்களாக.

சிந்துவெளியில் நாம் காண்பது

தயாராம் சாகினி 1921 இல் அரப்பாவிலும், இராக்கல்தாசு பானர்ஜி 1922 இல் மொகஞ்சதாரோவிலும் அகழ்ந்தனர். 1924 செப்டம்பர் 20 ஆம் நாள் சர் ஜான் மார்ஷல் இக்கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்தார். அதற்கு வெகுகாலம் முன்னரே, இலாகூர் - முல்தான் இருப்புப் பாதை அமைத்தோர் அரப்பாவின் செங்கற்களைப் பெயர்த்துத் தண்டவாளத்தின் கீழ்க் கொட்டிவிட்டனர் என்பது வருந்தத்தக்க செய்தி.

கி.மு. 2600 முதல் 1900 வரை செழித்திருந்த அந்நகரங்களில் செங்கற்கள் உயரம், அகலம், நீளம் ஆகியன 1:2:4 என்னும் ஒரே விகிதத்தில் அமைந்தன. மொகஞ்சதாரோவின் பெருங்குளம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உடையது. நீர் கசியாவண்ணம் நிலக்கீல் பூசப்பட்டது. அந்நகரில் மட்டும் 700 கிணறுகள் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கணிப்பு. எகிப்திற் போன்ற பெருங்கல்லறையோ, ஐயத்திற்கிடமின்றி அரண்மனை என்று சுட்டத்தக்க கட்டடமோ அங்குக் கிடைக்கவில்லை. எனினும் பெரிய வீடும் சிறிய வீடும் இருந்தன. எல்லோரும் சமம் என்று நாம் மிகைப்படுத்திக் கூறோம்.

இப்பொழுது அம்மாணவனின் கேள்விக்கு வருவோம். அக்கால்வாய்களின் மேல் மூடிகள் நிலையாகப் பூசப்படவில்லை. தேவைப்படும்போது பெயர்த்தெடுக்குமாறு செங்கல்லும் கல்லும் அடுக்கப்பட்டிருந்தன. இடையிடையே கசடு படியக் குழிகள் இருந்தன. மூடியும் குழியும் எதற்கு? ஒருவர் திறந்து, கசடை அள்ளித் தூய்மை செய்வதற்கே. ஆகவே, தம்பி, உன் கேள்வி சிரிப்பிற்குரியதன்று. அந்நகரைத் திட்டமிட்டவர்கள் கால்வாய் வெட்டும்போதே எண்ணிப் பார்த்த கேள்வி அது. சாக்கடை அள்ளியவர் இருந்தார். அவர் ஒரு நாள் வாராதிருந்திருப்பின், நாம் வியக்கும் அந்நகரம் நாறிப் போயிருக்கும். சிந்துவெளி எழுத்து இன்னும் படிக்கப்படாமையால் அவர் பெயரை நாம் அறியோம். ஆனால் அவர் பிறப்பினால் இழிந்தவர் என்று கருதப்பட்டதற்கு அகழ்வுகளில் எச்சான்றும் கிட்டவில்லை.

தமிழகத்தின் சான்று

நம் தமிழகத்திற்கு வருவோம். 2025 சனவரி 23 ஆம் நாள், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் "இரும்பின் தொன்மை" பற்றிய அறிக்கை வெளியிடப்பட்டது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 3345 என அவ்வறிக்கை கூறுகின்றது. இதுபற்றி அறிஞர் மேலும் ஆராய்ந்து வருகின்றனர். ஒன்று மட்டும் உறுதி. ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் கல்லிலிருந்து இரும்பைப் பிரித்தவன் மந்திரத்தால் பிரிக்கவில்லை. துருத்தி ஊதி, கரி சுமந்து, கை சுட்டுக் கற்றுக்கொண்டான். நூல் படித்துப் பெறும் அறிவுக்கு அவ்வறிவு சிறிதும் குறைந்ததன்று.

வைகைக் கரையின் கீழடியில் 2015 முதல் அகழாய்வு நடைபெற்று வருகின்றது. அங்குக் கிடைத்த மாதிரிகளுள் ஒன்று கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என 2019 இல் அறிவிக்கப்பட்டது. செங்கற் கட்டடங்கள், உறைகிணறுகள், நூல் நூற்கும் தக்களிகள், தந்தத்தில் செய்த பகடைகள் எனப் பலவும் கிடைத்தன. இவையனைத்தினும் நம் நெஞ்சைத் தொடுவன எழுத்துப் பொறித்த பானை ஓடுகளே. நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் தமிழி எழுத்துடைய 56 ஓடுகள் கிட்டின. "ஆதன்", "குவிரன்" என்பன போன்ற பெயர்கள் அவற்றிற் காணப்படுகின்றன. எழுத்தின் போக்கு ஓட்டுக்கு ஓடு வேறுபடுவதால், பானைக்கு உரியவர்கள் தாமே தம் பெயரைக் கீறினர் என அறிஞர் கருதுவர். அன்பர்களே, சோறாக்கும் பானையில் எழுத்து இருந்தது! எழுத்து அன்று ஒரு சிலரின் பெட்டகத்தில் பூட்டப்பட்டிருக்கவில்லை. சங்கப் புலவர் வரிசையிலும் வெண்ணிக் குயத்தியாரைக் காண்கின்றோம். பொற்கொல்லரையும், கூல வாணிகரையும், அறுவை வாணிகரையும் காண்கின்றோம்.

ஆயினும் உண்மையை மறைத்தல் ஆசிரியனுக்கு அழகன்று. அதே புறநானூற்றில் "இழிசினன்" என்னும் சொல்லும் உண்டு. இழிவின் விதை அன்றே விழுந்துவிட்டது. அது மரமானது பின்னரே. தீண்டாமை ஏறத்தாழ கி.பி. 400 வாக்கில் தோன்றியது என அண்ணல் அம்பேத்கர் 1948 இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார்; இனவேறுபாடே அதற்குக் காரணம் என்னும் கொள்கையையும் மறுத்தார். இந்திய மக்கள் ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன்பு வரை பரவலாகக் கலந்து வாழ்ந்தனர், அதன் பின்னரே அகமணம் இறுகியது என 2013 இல் வெளிவந்த மரபணு ஆய்வும் கூறுகின்றது. பதினோராம் நூற்றாண்டின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலோ "பறைச்சேரி", "தீண்டாச்சேரி" என்னும் சொற்களைப் படிக்கின்றோம். பானையில் தன் பெயரைத் தானே எழுதிய மக்களுள் ஒரு பகுதியினரின் குடியிருப்பை, பிறர் கல்லில் தள்ளி எழுதும் காலம் வந்துவிட்டது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? கீழடிக் குயவரே நம் நேர் மூதாதையர் என்று மார்தட்ட நாம் இங்கு வரவில்லை. வெறும் பெருமை வயிற்றையும் நிரப்பாது, அறிவையும் வளர்க்காது. நாம் கூற விழைவது இதுவே: ஏற்றத்தாழ்வு இயற்கையன்று, அது காலத்தில் தோன்றியது. தோன்றியதற்குக் காரணங்கள் உண்டு. காரணங்களால் தோன்றிய எதனையும் மனிதர் மாற்ற இயலும்.

நம் நகரும் நம் கடமையும்

மாற்ற இயலும் என்பதற்கு நம் நகரே சான்று. 1894 இல் கர்னல் ஆல்காட் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கென அடையாற்றில் இலவசப் பள்ளி தொடங்கினார். 1907 இல் இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள இராயப்பேட்டையிலிருந்து பண்டிதர் அயோத்திதாசர் "ஒரு பைசாத் தமிழன்" இதழை வெளியிட்டார். நம்மைப் போல் பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிய எம்.சி. ராஜா 1920 இல் சென்னைச் சட்டமன்றத்தில் இடம் பெற்றார். பறிபோன எழுத்தை மீட்டவர்கள் இவர்கள். இச்சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டு மாலை வகுப்புகளும் அப்பணியின் தொடர்ச்சியே.

ஆனால் பணி முடிந்துவிடவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013 இல் இயற்றப்பட்டது. கழிவுநீர்க் குழியில் இறந்தோர் குடும்பத்திற்கு 30 இலட்சம் ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஆணையிட்டது. இழப்பீட்டை உயர்த்த வேண்டியிருக்கின்றது என்றாலே, இன்னும் மனிதர் இறங்குகின்றனர், இறக்கின்றனர் என்பது வெளிப்படை. நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் திறந்து மூடும் கால்வாய் கட்டத் தெரிந்த நாட்டில், இன்று இயந்திரங்கள் இருந்தும் ஒரு தந்தை குழியில் இறங்குவது நாகரிகமா? ஒரு நாட்டின் நாகரிகத்தைக் கட்டடத்தின் உயரத்தால் அளத்தல் தகாது. அதனைத் தூய்மை செய்வோர்க்குக் கிட்டும் மதிப்பாலேயே அளத்தல் வேண்டும்.

இளைஞர்களே, உங்களிடம் நாம் வேண்டுவன மூன்று. விடுமுறை நாளில் எழும்பூர் அருங்காட்சியகத்திற்குச் சென்று ஆதிச்சநல்லூர்ப் பொருள்களைக் காணுங்கள். கோட்டூர்புர நூலகம் உங்கள் வீட்டிற்கு அருகில் உள்ளது. அங்கு அமர்ந்து படியுங்கள். மூன்றாவதாக, உங்களுள் சிலரேனும் தொல்லியலும் கல்வெட்டியலும் கற்க முன்வாருங்கள். சிந்துவெளி எழுத்தைப் படித்தறிவோர்க்கு 10 இலட்சம் டாலர் பரிசு என 2025 சனவரியில் தமிழக முதல்வர் அறிவித்தார். பரிசைக் காட்டி நாம் ஆசையூட்டவில்லை. அவ்வெழுத்து படிக்கப்படும் நாளில், படிப்போர் வரிசையில் நம் சேரிப் பிள்ளையும் இருத்தல் வேண்டும். ஏனெனில், "சாக்கடையை அள்ளியவர் யார்?" என்று கேட்கத் தெரிந்தவனே வரலாற்றை முழுமையாக எழுதவும் வல்லவன்.

தம்பி, அன்று உன்னை உட்காரச் சொன்னோம். இன்று எழுந்து நில் என்கின்றோம். கேள், இன்னும் கேள்.

சங்கம் பொன்விழாக் காணுமாக! கல்வி ஓங்குக!