கையெழுத்திடும் முன்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் முன் பெருந்தொகை ஒன்றும் கல்லூரி வாயிலும் ஒருசேர வந்து நின்றால், அவன் எதைத் தேர்ந்தெடுப்பது? அமெரிக்க நாட்டில் பேஸ்பால் ஆடும் மாணவர் பலர் ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் வினா இது. பேஸ்பால், நம் கிரிக்கெட்டைப் போலவே மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஆட்டம். அந்த வினாவை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அந்நாட்டில் 1965ஆம் ஆண்டு முதல் தொழில்முறைக் குழுக்கள் ஆண்டுதோறும், வரிசை முறைப்படி, இளம் வீரர்களைத் தேர்ந்தெடுத்து வருகின்றன. தேர்ந்தெடுத்த குழுவோடு மட்டுமே வீரன் பேரம் பேசலாம். பள்ளிப் படிப்பை முடித்தவன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். மறுத்துவிட்டுக் கல்லூரிக்கும் செல்லலாம். நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாலோ, மூன்றாம் ஆண்டு முடியும் வரை அல்லது இருபத்தொரு வயது நிறையும் வரை காத்திருக்க வேண்டும்.

கையெழுத்திட்ட மறுநாளே பெரிய அரங்குகளில் ஆடலாம் என்று எண்ணுதல் வேண்டா. மைனர் லீக் எனப்படும் கீழ்நிலைக் குழுக்களில் படிப்படியாக ஏற வேண்டும். 2022ஆம் ஆண்டில் அதன் கீழ்ப்படி ஒன்றில் வீரன் பெற்ற ஆண்டு ஊதியம் ஏறத்தாழ 11,000 டாலர். வீரர்கள் சங்கமாகச் சேர்ந்த பின், 2023ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அது 26,200 டாலராக உயர்ந்தது. அதே ஆண்டில் மேஜர் லீக் என்னும் மேல்நிலையில் குறைந்தபட்ச ஊதியமே 7,20,000 டாலர். கீழே நிற்போரில் பெரும்பாலோர் அந்த மேற்படியை ஒருநாளும் மிதிப்பதில்லை.

இருவர் வாழ்க்கையைக் கூறுகிறேன். இருவரும் கறுப்பின மக்கள். டேவ் வின்ஃபீல்டு என்பவரை 1969இல் பள்ளி முடித்தவுடன் பால்டிமோர் குழு, நாற்பதாம் சுற்றில் தேர்ந்தெடுத்தது. அவர் மறுத்து மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1973இல் சான் டியேகோ குழு அவரை முதற்சுற்றிலேயே தேர்ந்தெடுத்தது. கீழ்ப்படி எதிலும் ஆடாமல் நேரே மேஜர் லீகில் நுழைந்தார். கல்லூரி அவர் ஆட்டத்தைக் கெடுக்கவில்லை. அவர் மதிப்பை உயர்த்தியது.

மற்றவர் பிரையன் டெய்லர். 1991இல் நாடு முழுவதிலும் முதல்வராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பந்து எறியும் வீரர். உழைப்பாளிக் குடும்பத்துப் பிள்ளை. நியூயார்க் யாங்கீஸ் குழு முதலில் கூறிய தொகையை அவருடைய தாய் ஏற்கவில்லை. மகன் கல்லூரிக்குப் போவான் என்று உறுதியாக நின்று, 15,50,000 டாலர் பெற்றார். அந்தத் தாய்க்கு உறுதியைத் தந்தது எது? கல்லூரிக் கதவு திறந்திருந்ததே. ஆயின் 1993 டிசம்பரில், களத்திற்கு வெளியே நேர்ந்த கைகலப்பில் டெய்லரின் தோள் சிதைந்தது. மேஜர் லீகில் ஒரு பந்துகூட அவர் எறியவில்லை.

கையெழுத்திட்டவர் எல்லாரும் கெட்டனர் என்று நான் கூறவில்லை. டெரெக் ஜீட்டர் 1992இல் பள்ளியிலிருந்து நேரே கையெழுத்திட்டுப் பெரும்புகழ் எய்தினார். கல்லூரி எல்லார்க்கும் இலவசம் என்றும் கூறவில்லை. 2025 வரை, முதல்நிலைக் கல்லூரிக் குழு ஒன்றுக்கு அனுமதிக்கப்பட்ட உதவித்தொகை 11.7 பேருக்கு உரியதே. அதை முப்பது பேர் அளவில் உள்ள குழு பகிர்ந்துகொண்டது. மீதிக் கட்டணத்தை ஏழைத் தந்தை எங்கே தேடுவார்? அவ்வீட்டுப் பிள்ளை பணத்தை நாடினால் அது பேராசை அன்று.

ஆகவே, கையெழுத்திடுவோர்க்கும் ஒரு வழி உண்டு. பிற்காலக் கல்லூரிச் செலவைக் குழுவே ஏற்கும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கலாம். வாய்ச்சொல் போதாது, தாளில் இருக்க வேண்டும். ஆட்டத்தை விட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் படிப்பைத் தொடங்கவும் வேண்டும். தாளைப் படிக்காதவன் அந்த உரிமையை இழப்பான்.

ஜாக்கி ராபின்சன் 1941இல் பட்டம் பெறும் முன்பே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார். தாயின் சுமையைக் குறைக்க வேண்டும் என்பது ஒன்று. கறுப்பனுக்குப் பட்டம் வேலை வாங்கித் தராது என்ற கசப்பு மற்றொன்று. அந்தக் கசப்பு நம் வீடுகளுக்கும் புதிதன்று. 1947 ஏப்ரல் 15ஆம் நாள், நிறவெறி அடைத்து வைத்திருந்த மேஜர் லீகில் புகுந்து வரலாறு படைத்தவர் அவரே. அவர் 1972இல் மறைந்தார். மறு ஆண்டே அவர் மனைவியார் ரேச்சல், அவர் பெயரால் அறக்கட்டளை நிறுவினார். அது ஆட்டக்களம் அமைக்கவா? இல்லை, ஏழை மாணவர்களைக் கல்லூரிக்கு அனுப்ப.

இளைஞர்களே, நாளை உங்கள் முன்னும் ஒருவர் தாளை நீட்டுவார். சிறு முன்பணமும் காட்டுவார். அப்போது மூன்று வினாக்கள் கேளுங்கள். இதில் எழுதியிருப்பது என்ன? நான் தோற்றால் எனக்கு எஞ்சுவது என்ன? வேண்டா என்று சொல்ல என்னால் முடியுமா?

முதல் இரண்டிற்கும் விடை காணும் அறிவைப் பள்ளி தரும். மூன்றாம் வினாவிற்கு 'முடியும்' என்று விடை கூற, ஏழை மாணவனுக்குப் பின்னால் ஒரு கை வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் நீட்டிய கை அதுவே. அது என்றும் தளராதிருக்கட்டும்.