ஏவல் பிள்ளையாக வளர்ந்த மீனியல் அறிஞர்



அறிவியல் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். நானோ வரலாற்றுப் பட்டதாரி. ஆகவே மீன்களை ஆராய்ந்த ஒருவரின் வரலாற்றைச் சொல்வதே எனக்குப் பொருந்தும்.

டேனியல் பாலி 1946ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். தாய் பிரெஞ்சுப் பெண்மணி. தந்தை அமெரிக்கப் படையில் இருந்த கறுப்பினத்தவர். குழந்தையைச் சிறிது காலம் பேணித் தருவதாகச் சொல்லி ஒரு சுவிஸ் தம்பதியர் அழைத்துச் சென்றனர்; திருப்பி அனுப்பவில்லை. அவ்வீட்டில் அவர் ஏவல் செய்யும் பிள்ளையாகவே வளர்ந்தார். உண்ணும் வீட்டில் பிள்ளையாகவும் இல்லாமல், கூலி பெறும் ஆளாகவும் இல்லாமல் ஒரு சிறுவன் நிற்பது எத்தகையது என்பதை இங்குள்ள முதியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 17 வயதில் அங்கிருந்து வெளியேறி ஜெர்மனி சென்றார். ஓராண்டுக் காலம் உடல், மனக் குறைபாடு உடையோர்க்குப் பணிவிடை செய்தார். பிறகு பள்ளிப் படிப்பை முடித்து, கீல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1979இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அவர் பணியாற்ற விரும்பியது வெப்ப மண்டல நாடுகளில். கானா, இந்தோனேசியா, பின்னர் பிலிப்பைன்ஸின் மணிலா. அங்கே ஒரு சிக்கல் காத்திருந்தது. குளிர்நாட்டு மீன் குளிர்காலத்தில் வளர்ச்சி குன்றுவதால், அதன் செவிக்கல்லில் மரத்தின் ஆண்டு வளையம் போல் வளையம் விழும். எண்ணினால் வயது தெரியும். வெப்பக் கடல் மீனில் இவ்வளையம் அவ்வளவு தெளிவாக இராது. வயது தெரியாவிடில் எவ்வளவு பிடிக்கலாம் என்று கணக்கிட இயலாது. பிடிபட்ட மீன்களின் நீளத்தை மட்டும் அளந்து, அவ்வளவுகளிலிருந்தே வளர்ச்சியைக் கணிக்கும் முறையைப் பாலி வகுத்தார். அளவுகோலும் பொறுமையும் உள்ள ஏழை நாட்டு ஆய்வாளர் எவரும் செய்யக்கூடிய முறை அது. 1980இல் 175 மீன் கூட்டங்களின் விவரங்களைத் திரட்டி, வளர்ச்சியையும் நீரின் வெப்பத்தையும் கொண்டு மீன்களின் இயற்கை இறப்பு வீதத்தைக் கணிக்கும் கட்டுரையை வெளியிட்டார்.

அக்கட்டுரையை ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டியுள்ளனர். மேற்கோள் என்றால் என்ன? பிறர் ஆய்வைப் பயன்படுத்துகிறவர் அவர் பெயரைத் தம் கட்டுரையில் குறித்தாக வேண்டும். எந்தக் கட்டுரையைப் பின்னர் யார் யார் குறித்தனர் என்று தேடிக் காணும் அட்டவணையை யூஜீன் கார்ஃபீல்டு என்பவர் 1964இல் அச்சிட்டு வெளியிட்டார். இந்த எண்ணிக்கையே அறிவின் அளவு என்று நான் சொல்லமாட்டேன். நண்பர்கள் ஒருவரையொருவர் குறித்துக்கொள்வதும் உண்டு. ஆனால் பெயரைக் குறிக்க வேண்டும் என்ற விதி பெரிது. நம் முன்னோர் பதனிட்ட தோலையும் வெட்டிய கிணற்றையும் பயன்படுத்தியவர் பலர்; செய்தவன் பெயரை எழுதி வைத்தவர் எவர்?

பாலியின் கட்டுரைகளில் என் உள்ளத்தைத் தொட்டது 1995இல் வந்த ஒரே பக்கக் கட்டுரை. தாம் பணியில் சேர்ந்த நாளில் கண்ட மீன் வளத்தையே இயல்பான வளம் என ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் கொள்கின்றனர்; அதற்கு முன் அழிந்தது கணக்கிலேயே வருவதில்லை என்றார். சான்றாக ஒரு கிழவரைக் காட்டினார். அவர் பாலியுடன் பணியாற்றியவரின் பாட்டனார். டென்மார்க்கை அடுத்த காட்டேகாட் கடலில், 1920களில், அவருடைய கானாங்கெளுத்தி வலைகளில் பெரிய சூரை மீன்கள் வந்து சிக்கித் தொல்லை கொடுத்தனவாம். அப்போது அவற்றை வாங்குவார் இல்லை. முதியோர் சொல்லும் இத்தகைய செய்திகளும் அறிவியலுக்குச் சான்றாக வேண்டும் என்பது பாலியின் வாதம். பட்டம் பெறாத ஒரு மீனவரின் சலிப்பு அறிவியல் ஏட்டில் ஏறிற்று!

1998இல் நால்வருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை பெரும் வாதத்தை எழுப்பியது. பெருமீன்கள் குறையக் குறைய மனிதன் உணவுப் படிநிலையில் கீழுள்ள சிறுமீன்களைப் பிடிக்கிறான் என்றும், பிடிபடும் மீன்களின் சராசரிப் படிநிலை 1950களின் தொடக்கத்தில் 3.3ஆக இருந்து 1994இல் 3.1க்கும் கீழே இறங்கியது என்றும் அது கூறியது. பிடிபட்ட மீனை மட்டும் வைத்துக் கடலின் நிலையைச் சொல்ல முடியாது என்று 2010இல் வேறு சிலர் மறுத்தனர். மறுப்பு வலுவானதே. ஆனால் அவர்களும் பாலியின் பெயரைக் குறித்தே மறுக்க வேண்டியிருந்தது. ஏவல் பிள்ளையாக இருந்தவரோடு அறிஞர்கள் சமமாக நின்று வாதிட்டனர். 2023இல் நைஜீரியாவில் பிறந்த ரஷீத் சுமைலாவுடன் டைலர் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். தலைமையாசிரியன் அல்லவா! பாலியும் ரைனர் ஃப்ரோஸ் என்பவரும் தொடங்கிய ‘ஃபிஷ்பேஸ்’ என்னும் மீன் தகவல் களஞ்சியம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 35,000க்கும் மேற்பட்ட மீனினங்கள் அதில் உள. நம் ஏரியில் பிடிக்கும் விரால் மீனை அதில் தேடிப் பாருங்கள். அதன் நீளம், உணவு, இனப்பெருக்கம் என ஒவ்வொரு செய்தியையும் கண்டு எழுதியவர் யார் என்ற குறிப்பும் அங்கே இருக்கும்.